பிழைக்கத் தெரியாத கிருமி

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு ஒரு காலத்தில் ராஜமரியாதை. பாஸ்டன், நியூயார்க் பிள்ளைகளின் தொண்டையில் அது குடியிருந்த நாள்களில் சுற்றிலும் ஆய்வாளர் கூட்டம். தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டை வீங்கவைத்து, கடைசியில் இதய வால்வைச் சுருக்கிவிடும் ருமாட்டிக் காய்ச்சலை அடையாளம் காண, 1944இல் டக்கெட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் பாஸ்டனில் உட்கார்ந்து ஓர் இலக்கணமே எழுதிக்கொடுத்தார். 1950களில் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி வந்தது. காற்றோட்டமான வீடுகளும் வந்தன. அமெரிக்கப் பிள்ளைகள் தப்பித்தார்கள்.

கிருமிக்குப் புத்தி கெட்டது அங்கேதான். வசதியானவர்களை விட்டுவிட்டு, ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீடுகளிலேயே தங்கிவிட்டது. அந்தத் தெருப் பக்கம் ஆராய்ச்சிப் பணம் தலைவைத்தாவது படுக்குமா?

அன்று கண்ட ஊசிதான் இன்றும். தயிர் மாதிரி கெட்டியான மருந்து. இடுப்பில் போட்டால் பிள்ளை நொண்டிக்கொண்டே வீடு போகும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வருஷக்கணக்கில். அந்த வலியைக் குறைக்கும் ஆய்வு எழுபது வருஷம் தூங்கிவிட்டு இப்போதுதான் சோம்பல் முறிக்கிறது. குறை சொல்லக்கூடாது, அவர்களுக்கும் வேலை இருந்தது. நெஞ்சுவலிக்கென்று சோதித்த மாத்திரை ஒன்று வழிமாறிக் கட்டிலறைக்குப் போய்க் கோடி கோடியாய்ச் சம்பாதித்ததே, அதைக் கவனிக்க வேண்டாமா?

கேப்டவுனின் இதய மருத்துவர் போங்கானி மயோசியும் கூட்டாளிகளும் 12 ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் ஏமனிலுமாக, இந்தக் காய்ச்சலால் வால்வு கெட்ட 3,343 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேர் 28 வயதைத் தாண்டாதவர்கள். இரண்டே ஆண்டில் நூற்றுக்குப் பதினேழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் பெண்கள். பலருக்கு வால்வு கெட்ட சேதி தலைப்பிரசவத்தில் மூச்சிரைக்கும்போதுதான் தெரியவருகிறது. அதுவரை சோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை.

சும்மா இருந்துவிட்டார்கள் என்று பழி போடாதீர்கள். 2018இல் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் இதய நோய்க்கு எதிராகத் தீர்மானமே போட்டது. அந்தத் தாளைப் பஞ்சில் சுற்றி இடுப்பில் தேய்த்தால் ஊசி வலி குறையும் போலும்.

கொரோனாவைப் பாருங்கள், பிழைக்கத் தெரிந்த கிருமி! விமானமேறி மிலானுக்கும் நியூயார்க்குக்கும் போய் இறங்கியது. ஓராண்டுக்குள் தடுப்பூசி. பிள்ளைத் தொண்டையில் முடங்கிக் கிடக்கும் இந்த அசட்டுக் கிருமிக்கு இன்றுவரை இல்லை. ஒரே ஒரு முறை, நாலு கோடீஸ்வரர் வீட்டுப் பேரப்பிள்ளைகளின் வால்வைக் கடித்துப் பார்த்திருந்தால்? அந்தச் சாமர்த்தியம் கிடையாது, சனியனுக்கு.

பழைய ஊசியாவது தாராளமாகக் கிடைக்கிறதா? லாபமில்லாத சரக்கு. மூலமருந்து செய்யும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்டாக் தீர்ந்த நாளில் நர்ஸம்மா என்ன செய்வார்? பிள்ளையின் அட்டையில் அடுத்த தேதியைக் குறித்து, மருந்து வந்தால் போன் செய்கிறோம் என்று அம்மாவிடம் சொல்கிறார். ஊசியில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் பிள்ளை குதித்துக்கொண்டு வெளியே ஓடுகிறது.