அங்கே ஒரு இன்ட்டு போடு

‘பெற்றோர்கள் பழைய முறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் குழந்தைகளைக் குழப்ப வேண்டாம்.’ நேற்று ராத்திரி பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் வந்த அறிவிப்பு. கீழே கும்பிடும் கை வேறு. பெயர் போடவில்லை. போடாவிட்டால் தெரியாதா? நாலாம் வகுப்பில் 47 × 36-ஐப் பழைய முறையில் போட்டுக்கொண்டு போனது என் மகள்தான். விடை 1692, சரி. ஆனாலும் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு கேள்விக்குறி.

அவர்கள் கேட்டது கட்டம். 47-ஐ 40, 7 என்று பிரித்து மேலே எழுத வேண்டும்; 36-ஐ 30, 6 என்று பிரித்து ஓரத்தில். நாலு கட்டத்தில் 1200, 210, 240, 42. கூட்டினால் அதே 1692. இடமதிப்பு மனதில் பதியுமாம். பதியட்டும். அதைவிடச் சுலபமாகப் பதிய வைக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த இன்ட்டு விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

இரண்டாம் வரியில், வலது ஓரத்தில் போடுவோமே, அந்த இன்ட்டு. முதல் வரியில் 282. அடுத்த வரியில் ஒரு இன்ட்டு, அதற்கு இந்தப் பக்கம் 141. ஏன் என்று நம்மில் எவராவது கேட்டோமா? ‘அங்கே ஒரு இன்ட்டு போடு’ என்றார் சார், போட்டோம். கேட்டிருந்தால் காது மிஞ்சியிருக்காது.

இதில் கட்சிகள் வேறு. நான் இன்ட்டு கட்சி. மனைவி பூஜ்யம். மச்சினன் நட்சத்திரம் போடுவான், ஐந்து முனையும் கூராக வரும்வரை பென்சிலை எடுக்கமாட்டான். பரீட்சையில் நேரம் போதவில்லை என்று அழுததும் அவன்தான். மாமனார் எதுவுமே போடமாட்டார். இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நகர்வார். அங்கே என்ன வரும் என்று அவருக்குத் தெரியுமாம், எழுதிக் காட்ட வேண்டியதில்லையாம். சின்னதாக ஒரு கோடு கிழிப்பவர்களும் உண்டு, அவர்களை நான் நம்புவதில்லை. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்ற வழக்குகூட என்றைக்காவது தீர்ந்துபோகும், இது தீராது. நாலு இலக்க எண்ணால் பெருக்கினால் கடைசி வரியில் மூன்று இன்ட்டு வரிசையாக நிற்கும். சார் திருத்துவதற்கு முன்பே நாமே தப்பு போட்டுக்கொண்டாயிற்று.

“பூஜ்யம் போட்டா 1410-னு வாசிக்கலாம். அந்த 3 வெறும் 3 இல்லீங்க, 30. நாற்பத்தேழு முப்பது 1410. உங்க வரியை எப்படி வாசிப்பீங்க?” என்றாள் மனைவி.

“நூற்றி நாற்பத்தொன்று இன்ட்டு.”

“இன்ட்டு எத்தனை?”

கட்சி மாறுகிற வயதா எனக்கு?

அது கிடக்கட்டும், எது பழைய முறை? 1150 வாக்கில் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் 135-ஐ 12-ஆல் பெருக்கும் கணக்கு இருக்கிறது. அதற்கே பல வழிகள் சொல்கிறார். 12-ஐ 8, 4 என்று பிரித்துப் பெருக்கிக் கூட்டலாம். முதலில் மூன்றால், பிறகு நாலால் பெருக்கலாம். இலக்கம் இலக்கமாகப் பெருக்கி அதனதன் இடத்தில் வைத்தும் கூட்டலாம். எப்படிப் போனாலும் 1620. பிரித்துப் பெருக்குவதும் பழசு, நான் போடுவதும் பழசு. இதில் யார் யாரைக் குழப்புவது? இதையே குழுவில் கேட்கலாம் என்று தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி போனைப் பிடுங்கிவிட்டாள்.

அந்தச் சுலப வழிக்கு வருவதற்குள், இதை எழுதும்போதே அடுத்த அறிவிப்பு வந்துவிட்டது. நாளைக் காலை இடமதிப்புப் பயிற்சிக்காக ஒவ்வொரு குழந்தையும் நூறு குச்சி கொண்டுவர வேண்டும், பத்துப் பத்தாகக் கட்டி. அனுப்பிய நேரம் ராத்திரி ஒன்பதரை. எந்தக் கடை திறந்திருக்கிறது? துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவலாம் என்றால், அதில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று உள்ளேயிருந்து குரல். குழந்தை தூங்கிவிட்டது. பழைய முறையைச் சொல்லிக்கொடுக்க மட்டும் அப்பா கூடாது; குச்சி பொறுக்கி, எண்ணி, ரப்பர் பாண்டு போட அப்பா வேண்டுமாக்கும்.