அடையா வாசல்

நேஃபியானே, உன்னைப்போல் விருந்தோம்பும் சவ்வை நான் கண்டதில்லை.

1960களில் டூபாண்ட் நிறுவனத்தின் வால்தர் குரோட் உன்னை உருவாக்கினார். உடல் டெஃப்லான் வம்சம். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதுதான். அமிலம் அரிக்காது, நீர் அண்டாது. ஆனால் உன் கிளைகளின் நுனியில் சல்ஃபோனிக் அமிலம். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். இந்த இரண்டு குணமும் ஒன்றைவிட்டு ஒன்று ஒதுங்கியதில் உனக்குள்ளே சில நானோமீட்டர் அகலத்தில் நீர்வழிகள் பிறந்தன. எரிபொருள் மின்கலத்துக்குள் புரோட்டான்களை அந்த வழியே கைப்பிடித்து அக்கரை சேர்க்கிறாய். எலக்ட்ரானை மட்டும் சுற்றிப் போகச் சொல்கிறாய். அந்தச் சுற்றுப்பாதையில்தான் எங்கள் விளக்கு எரிகிறது. இதற்காக உன்னை எத்தனை முறை வாழ்த்தினாலும் தகும்.

எரிபொருள் ஹைட்ரஜனாக இருந்தவரை உன் ஈகையின் முழு அளவு எங்களுக்குத் தெரியவில்லை. மெத்தனால் வந்த பிறகுதான் தெரிந்தது. அழுத்தக் கலன் வேண்டாம், புட்டியில் ஊற்றி வைக்கலாம், லிட்டருக்கு 4 கிலோவாட் மணிக்கும் மேலான ஆற்றல். இக்கரையான ஆனோடில் அது உடைந்து ஆறு புரோட்டான்களைத் தர வேண்டும், நீ அவற்றை மட்டும் கடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நீயோ ஆள் பார்த்துக் கதவு திறப்பவள் இல்லை. மெத்தனாலுக்கு ஒரு பக்கம் தண்ணீரின் சாயல் இருக்கிறது. உறவென்று வந்தவரை உள்ளே விட உனக்கு அதுவே போதும். அது தானாகவும் ஊர்ந்து வருகிறது. கடக்கும் ஒவ்வொரு புரோட்டானும் இரண்டு மூன்று நீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு போகும்போது அவற்றோடும் சேர்ந்து போகிறது.

அக்கரையான கேத்தோடில் பிளாட்டினம் காத்திருக்கிறது. வந்த மெத்தனால் அங்கேயே ஆக்சிஜனோடு எரிந்து போகிறது. வெளிச்சுற்றுக்கு ஒரு எலக்ட்ரானும் வராது, வெப்பம் மட்டும் மிஞ்சும். அரைகுறையாக எரிந்த மிச்சம் பிளாட்டினத்தின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. கணக்குப்படி 1.21 வோல்ட் வர வேண்டிய கலம், மின்னோட்டம் எடுப்பதற்கு முன்பே 0.7 வோல்ட் அளவில் நிற்பதற்கு உன் தாராளமும் ஒரு பெரிய காரணம்.

உன் மனம் கோணாதிருக்க நாங்கள் எரிபொருளை நீர்த்தோம். லிட்டருக்கு 32 கிராம் மெத்தனால், மீதியெல்லாம் தண்ணீர். ஆற்றலைச் சுமக்க வந்த கலம் தண்ணீர் சுமக்கிறது. உன்னையும் தடிமனாக்கினோம். ஹைட்ரஜனுக்கு 25 மைக்ரான் போதுமென்ற இடத்தில், மெத்தனாலுக்கு நேஃபியான் 117 என்று சுமார் 180 மைக்ரான். புரோட்டானுக்கு நடை நீண்டது, மின்தடை கூடியது. விருந்தாளியின் வரவு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

வந்தவருக்காக வீட்டையே பெரிதாக்கும் மனம் உனக்கு. ஐசோபுரோப்பனால் கலந்த நீரில் உன் துண்டு ஒன்றை முதன்முதலாக ஊறவைத்த நாள் நினைவிருக்கிறது. அளவெடுத்து வெட்டிய சதுரம், எடுக்கும்போது அடிக்கோலின் குறியைத் தாண்டி வளர்ந்து நின்றது. உலர்ந்ததும் சுருங்கிச் சுருண்டது. மின்கலத்துக்குள் இப்படி விரிந்து சுருங்கினால், உன்மேல் பூசிய வினையூக்கி அடுக்கு உரிந்துவிடுகிறது; வாரக்கணக்கில் செய்த வேலை அது. தூய மெத்தனாலில் ஊறினால் உன் வழிகள் அகலமாகும், புரோட்டானோ தண்ணீரில் ஓடியதுபோல் ஓடாது. அழுத்தக் கலனில் ஆல்கஹாலும் நீரும் சேர்த்து 250 டிகிரிக்குச் சூடேற்றினால் நீயே கரைந்து போகிறாய். அந்தக் கரைசலைத்தான் புட்டியில் வாங்கி, பிளாட்டினப் பொடியோடு குழைத்து, உன்மேலேயே பூசுகிறோம்.

சல்ஃபோனேற்றிய பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்று இன்னொரு சவ்வு உண்டு. அதன் வழிகள் குறுகல், வளைவு, முட்டுச்சந்துகள் வேறு. மெத்தனாலுக்கு எளிதில் இடம் தராது. உன் பரந்த மனம் அதற்கு இல்லை.

கேத்தோடு பக்கம் வெளியேறும் காற்றில் கார்பன் டைஆக்சைடை அளப்பது எங்கள் வழக்கம். எத்தனை மெத்தனால் அக்கரைக்குப் போய் எரிந்தது என்று அது ஏறத்தாழச் சொல்லிவிடும். இன்று காலையும் அளந்தேன். உன்னை வைத்துச் சோதித்த இத்தனை நாளில் அந்த எண் ஒருமுறைகூடப் பூஜ்ஜியமாக இருந்ததில்லை. நீ ஒருவரையும் வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை.