ஆலைப் பார்வையில் பரோட்டாவின் பங்கு: ஆய்க்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

வெளிநாட்டு வணிகப் பயணத்துக்கு விமானம் வேண்டும் என்பது அறிஞர் பெருமக்களிடம் ஊறிப்போன எண்ணம். ஆய்க்குடிச் சான்றுகள் இதை அடியோடு மறுக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை இவ்வூர் செங்கோட்டை வட்டத்தோடு மலையாளச் சீமையில் (திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தது; பக்கத்துத் தென்காசியோ சென்னை மாகாணம். சுதந்திரத்துக்கு முன் தென்காசிச் சந்தைக்குப் போன ஆய்க்குடிக்காரர், மகாராஜாவின் சக்கர நாணயத்தை மடியில் முடிந்துகொண்டு வெள்ளைக்காரன் சீமைக்குள் நுழைந்தார். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடுதல். அந்த அரைச் சக்கரத்துக்குத் தென்காசியில் என்ன பலகாரம் கிடைத்தது என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு.

இரு நாடும் முட்டிக்கொண்ட இடம் பிரானூர். 1956இல் எல்லை புளியரைக்கு மேற்கே போய்விட்டது. ஆனால் பஸ்ஸில் 'ஒரு பார்டர்' என்று கேட்டால் பிரானூருக்குத்தான் டிக்கெட் கிழிப்பார்கள். சட்டத்தால் நகர்த்த முடிந்தது எல்லையை. அங்கிருக்கும் பரோட்டாக் கடைகளை அல்ல.

மரமில்களும் அங்கேயே இருப்பது ஆய்வுக்கு வாய்த்த பேறு. வெளியூர் வியாபாரி வருகிறார். தேக்குத் தடியைத் தட்டுகிறார், வைரம் பார்க்கிறார், கன அடி விலை கேட்டு உதட்டைப் பிதுக்குகிறார். ரம்பச் சத்தத்தில் மில்காரர் சொன்ன பதில் அவருக்குக் கேட்பதில்லை. கேட்க முயன்றதாகவும் தெரியவில்லை, ஏனெனில் கண் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. "அண்ணாச்சி, சாப்ட்டுட்டுப் பேசுவமா?" என்ற ஒரு வாக்கியத்தோடு ஆலைப் பார்வை முற்றுப்பெறுகிறது.

இலையில் சின்னச் சின்னப் பரோட்டா. பிய்த்துப் போட்டு, மேலே சால்னா விட்டு, ஊறும்வரை பொறுக்க வேண்டும். இந்த இடைவெளியில் விலை பேசுபவர் கத்துக்குட்டி. தேர்ந்த வியாபாரி நாட்டுக்கோழி வரும்வரை வாயே திறப்பதில்லை. காடைக்குப் பிறகு கேட்ட விலைக்குத் தலையாட்டிவிடுகிறார். மில்காரர்கள் பில்லைத் தாங்களே கொடுக்கத் துடிப்பதன் பொருளாதாரம் இதுதான்.

2011இல் பக்கத்து மத்தளம்பாறைக்கு ஸோகோ மென்பொருள் நிறுவனம் வந்தது. அங்கே தட்டிப் பார்க்கத் தடி இல்லை, எட்டிப் பார்க்க ரம்பமும் இல்லை. ஆகவே பார்வை இன்னும் சீக்கிரம் முடிந்து, இலைக்கு முன்னதாகவே வந்துவிடலாம் என்பது என் கருதுகோள்.

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலையில் 'ஆலையைப் பார்க்க வருகிறோம்' என்று எழுதுவோரின் நோக்கத்தை ஆராயத் தேவையில்லை. அவர்களுக்கு ஒன்றே சொல்லலாம்: ஒரு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள், அப்புறம் உட்கார இடம் கிடைக்காது.