செல்ப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத கார்: ஒரு தத்துவ விசாரணை

பாயிரம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகத்தைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் வெல்லாவெளியின் பழமைக்குப் பாறையிற் பொறித்த பிராமி எழுத்துகள் சாட்சியாய் இருக்கின்றன. அவற்றை வாசித்துப் பொருளுரைக்க அறிஞர்கள் முயன்றிருக்கின்றனர். ஆனால், அதே ஊரின் வீதியோரத்தில், இருமருங்கும் வயல்வெளி விரிந்து கிடக்க, பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் கார் ஒன்றைச் சூழ்ந்து நடைபெறும் ஞானவிசாரணையை, அதன் ஆழத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ற மரியாதையோடு இதுகாறும் எவரும் ஏட்டில் ஏற்றினாரில்லை. அக்குறையை நிவர்த்திசெய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோசனம்.

பொருளின் எல்லையை முதலில் வரையறுத்தல் வேண்டும். திறப்பைத் திருப்பியும் யாதொரு சத்தமும் பிறவாத கார் உண்டு. ‘டிக்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனவிரதம் பூணும் கார் உண்டு. இவ்விரண்டும் பற்றரி, அதன் இணைப்புகள், ஸ்டார்ட்டர் மோட்டர் என்னும் சிறு வட்டத்துக்குள் அடங்கும் எளிய பிணிகள். அபிப்பிராய பேதத்துக்கு இடந்தராதவை. ஆகையால் ஆராய்ச்சியாளனுக்கு எவ்வித இன்பமும் அளிக்காதவை. நமக்குரியது மூன்றாவது வகை: செல்ப் அடிக்கிறது, எஞ்சின் சுழல்கிறது, ‘இதோ பிடித்துவிட்டது’ என்று வீதியிற் போவோர் அனைவரும் எண்ணுகின்றனர், பிடிக்கவில்லை.

இவ்விபரீதத்தின் இரு பாதிகளுக்கும் மூலபுருஷர் ஒருவரே என்பது சரித்திர விசித்திரம். அமெரிக்கராகிய சார்ல்ஸ் கெற்றறிங், கொயிலும் பொயின்ற்றும் கொண்டு பொறியை எழுப்பும் முறையை 1910ஆம் ஆண்டளவிலே கடிலாக் கார்களுக்கு அமைத்துக் கொடுத்தார். கைக்கம்பியாற் சுழற்றும் தொல்லையை ஒழிக்கும் மின்மோட்டரை 1912ஆம் ஆண்டுக் கடிலாக்கிலே பூட்டுவித்தார். ஒரு தந்தைக்குப் பிறந்த இவ்விரு பிள்ளைகளுள் ஒன்று உழைத்துக் களைக்க, மற்றொன்று வாளாவிருந்து வேடிக்கை பார்க்கும் தருணத்தையே “செல்ப் அடிக்குது, ஸ்டார்ட் வருகுதில்ல” என்று நம்மவர் சுருங்கச் சொல்லி விளங்கவைப்பர்.

தத்துவம்

ஜேர்மனியிலே நிக்கொலவுஸ் ஓட்டோ என்பார் 1876ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய நால்வீச்சு எஞ்சின், உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு தொழில்களை முறைபிறழாது செய்வது. அது பற்றிக்கொள்வதற்கு வேண்டப்படுவன ஐந்து: பெற்றோல், காற்று, அமுக்கம், பொறி, இந்நான்கும் கூடுதற்குரிய காலம். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று கலந்து, அக்கலவை உருளைக்குள் நெருக்குண்டு, நெருக்கம் உச்சத்தை அணுகும் தறுவாயிற் பொறி விழுமாயின் எஞ்சின் உயிர்பெறும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் சுழற்சி நிகழும், பற்றுதல் நிகழாது. நேற்று மாலைவரை ஒழுங்காய் ஓடிய கார் இன்று காலை அடம்பிடிக்குமாயின், குறைந்தது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பது பொதுவிதி. அவ்விதியை ஏற்றுக்கொண்டால் விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதனால் வீதியோரத்தில் அதனை யாரும் ஏற்பதில்லை.

பெற்றோல் என்றால் அதன் ஆவி என்றே கொள்ளல் வேண்டும். இந்நுட்பத்தை 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே யாழ்ப்பாணத்தார் ஆய்வுகூடத்தின் உதவியின்றியே நிரூபித்தனர். மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய அவர்கள், குளிர்ந்த எஞ்சினுள் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமை கண்டு, சேமித்து வைத்த சிறிதளவு பெற்றோலைச் சொட்டுச் சொட்டாய்க் காபரேற்றருக்கு ஊட்டி ஸ்டார்ட்டாக்கி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர்.

பூர்வபட்சம்

கார் நின்ற சிறிது நேரத்துக்குள் மோட்டார்சைக்கிளில் வந்தவர், மாடு சாய்த்துக்கொண்டு வந்தவர், உழவு மெசினை நிறுத்திவிட்டு இறங்கியவர் எனப் பலர் கூடி, பின்வரும் சமயங்களை ஸ்தாபிப்பர்.

முதலாவது, தள்ளு மதம். இதுவே தொன்மையானதும் அநுயாயிகள் மிக்கதும். ஸ்டார்ட்டர் செய்யத் தவறிய சுழற்சியை மனிதத் தோள்கள் செய்து கொடுப்பதே தள்ளுதலின் தத்துவம்; இங்கோ சுழற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதால், இல்லாத நோய்க்கு மருந்திட்டவாறாகும். ஆயினும் இம்மதம் முற்றும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. நலிந்த 12 வோல்ற் பற்றரி ஒன்று, செல்ப் அடிக்கும்போது 9.6 வோல்ற்றுக்கும் கீழே இறங்குமாயின், இருந்த மின்னையெல்லாம் மோட்டரே விழுங்க, பொறிக்கு ஒன்றும் மிஞ்சாமற் போதல் கூடும். அப்போது தள்ளுதல் பலிக்கும். ஓட்டோ கியர் காரை மட்டும், பத்துப்பேர் கூடித் தள்ளினாலும், வீடுவரை தள்ளலாமேயன்றி ஸ்டார்ட்டாக்க முடியாது.

இரண்டாவது, பிளக் மதம். இதன் ஆசாரியர் எப்போதும் பிளக் திறப்பு ஒன்றைத் தம்மிடம் வைத்திருப்பவர். பிளக்கைக் கழற்றி, வயரிலே மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் மேற்படச் சாய்த்து, தடித்த துணியாற் பிடித்துக்கொண்டு, “ஒருக்கா அடி மனே” என்பார். இடைவெளியில் நீலப்பொறி படீரென்று விழுந்தால் குற்றம் வேறிடத்தது. மஞ்சட்பொறி சோர்ந்து விழுந்தால் கொயில், கொண்டென்சர், பொயின்ற் ஆகியவற்றை ஐயுறல் வேண்டும். பொறியைக் காட்டிலும் பிளக்கின் நுனி அதிகம் பேசும். நுனி நனைந்து பெற்றோல் மணத்தால், மிகுதியாய் ஊட்டப்பட்டு எஞ்சின் திக்குமுக்காடுகின்றது என்பது பொருள். பழைய காரில் அக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி சற்று அடித்தால் மிகுதி வெளியேறிவிடும். நுனி காய்ந்திருந்தால், பெற்றோல் வரவேயில்லை. இவ்விடத்திலே ஆசாரியர் ‘காபரேற்றர் அடைப்பு’ என்று தீர்ப்பளித்து, அடைபடுவதற்கு ஏதேனும் இருந்ததா என்னும் மேல்விசாரணையைக் கைவிடுவார். ஏன் கைவிடுகின்றார் என்பது சித்தாந்தத்தில் விளங்கும்.

மூன்றாவது, ஈர மதம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் மண்டூர் வீதியை வெள்ளம் ஊடறுத்துப் பாயும் காலத்தில் இதற்கு நிகரான சமயம் வேறில்லை. டிஸ்ரிபியூட்டர் மூடியுள் ஈரம் படிந்தால், மின் தனக்கு விதித்த பாதையை விட்டு ஈரத்தின் வழியே ஒழுகிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியாலே துடைத்தல் பரிகாரம். இம்மதத்தார் பெரும்பாலும் தாம் உடுத்த சாரத்தின் தலைப்பையே துணியாக்குவர். மழையில் நனைந்த சாரம் உலர்ந்த துணியாகுமா என்ற ஆட்சேபம் இன்னும் நிலுவையில் உள்ளது.

நான்காவது, நவீன மதம். ஜப்பான் காரில் திறப்புக்குள்ளே சில்லு ஒன்று உண்டு, அதை எஞ்சின் அடையாளங் காணாவிட்டால் பெற்றோலையும் பொறியையும் நிறுத்திவிடும், கிராங் சென்சர் பழுதானாலும் இதே கதைதான், ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்பன இதன் கொள்கைகள். இவை யாவும் மெய்யே. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் போனாலன்றி ஸ்கேனர் கிட்டாது எனின், அங்கு நிற்போருள் எவராலும் மறுக்கவொண்ணாதிருத்தலே இம்மதத்தின் தனிச்சிறப்பு.

ஐந்தாவது, மண்டூர் முருகனுக்கு நேர்ந்துவிடும் மதம். இதற்குக் கருவிகள் தேவையில்லை; பிற மதங்களோடு விரோதமுமில்லை.

அளவை

காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் உரையே வீதியோரத்தில் அளவிறந்து கிடைப்பது. காண்டலுள் அடங்கிய செவிப்புலனை நம்மவர் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது. வாவிக்கரையின் தெற்கே காரைதீவிற் பிறந்து, நரம்பொலிகளை ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலானந்த அடிகளின் பிரதேசத்தவர், எஞ்சினொலியைச் செவிமடுக்கப் பின்வாங்குதல் தகாது. நாலு உருளை எஞ்சினில், ஒவ்வொரு முழுச்சுற்றிலும் இரண்டு உருளைகள் அமுக்கவீச்சைக் கடக்கும். அவ்வவ்விடத்தில் மோட்டர் சற்றே முக்கி மீளும். ஆகவே நலமுள்ள எஞ்சின் சமமான தாளத்தோடு சுழலும். நாலடிக்கு ஓரடி தாளம் நொண்டுமாயின் ஓர் உருளையில் அமுக்கம் இல்லை. தாளமே இன்றி, தடையேதும் இல்லாதது போல் வேகமாய் ஒரே சீராய் இரையுமாயின், ரைமிங் பெல்ற் அறுந்திருத்தல் கூடும்; அந்தக் கணமே அடிப்பதை நிறுத்தல் வேண்டும், இல்லையேல் சில எஞ்சின்களில் பிஸ்ரனும் வால்வும் மோதி, சிறு செலவு பெருஞ் செலவாகும்.

பின்சீற்றடியிலும் ஓர் ஒலி உண்டு. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில், செல்ப் அடியாமல் திறப்பை ‘ஒன்’ நிலை வரை திருப்பினால், தாங்கிக்குள் இருக்கும் பம்பு இரண்டொரு விநாடி முனகி ஓயும். முனகல் இல்லையேல் பியூஸ், ரிலே, பம்பு என்ற வரிசையில் பார்த்தல் முறை.

சித்தாந்தம்

மேற்கண்ட மதங்கள் யாவும் ஒரு கேள்வியைச் சுற்றி வந்து அதைத் தீண்டாமற் செல்லுதலை நுண்ணிதின் நோக்குவார் காண்பர். தாங்கியிற் பெற்றோல் இருக்கிறதா என்பதே அக்கேள்வி. செலவில்லாதது, கருவி வேண்டாதது, ஐந்து காரணங்களுள்ளும் எளிதிற் சோதிக்கத்தக்கது. ஆயினும் கடைசியிலேயே கேட்கப்படுவது. காரணம் எந்திரவியலில் இல்லை, ஆசாரத்தில் இருக்கின்றது. இளைப்பாறிய அதிபர் ஒருவர் மனைவியோடும் பட்டுச்சேலையோடும் கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் நிற்கையில், “பெற்றோல் அடிச்சீங்களா?” என்று வினவுதல், அவருடைய மறதியை அல்லது பணப்பையைச் சந்தேகித்தலாகும். அதனினும் கொயிலைச் சந்தேகித்தல் மரியாதை. கொயிலுக்கு மனம் நோகாது.

இக்கேள்வி குற்றமற்றதாய் விளங்கிய காலமும் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் வறண்டு, கியூஆர் குறியீட்டைக் காட்டிக் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார்சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டபோது, கண்டவர் கண்டவரிடமெல்லாம் “பெற்றோல் இருக்கா?” என்றே சுகம் விசாரித்தனர். எல்லாருடைய தாங்கியும் வறிதாய் இருந்தமையால் ஒருவருக்கும் அவமானம் இருக்கவில்லை. தட்டுப்பாடு நீங்கியது, அவமானம் திரும்பி வந்தது.

ஆகவே அக்கேள்விக்கு ஓர் உபசார வடிவம் தேவையாயிற்று. அதையும் ஊரார் ஆக்கி வைத்திருக்கின்றனர். தள்ளுவது போல் நாலுபேர் பின்புறத்தைப் பற்றிக் காரை முன்னும் பின்னும் ஆட்டுவர். தாங்கிப் பக்கத்தில் நிற்பவர் தலையைச் சாய்த்து, உள்ளே சளசளப்பு எழுகின்றதா என்று கேட்பார். எழாவிடின், கூட்டத்தில் இளையவர் ஒருவர் முன்வந்து, “சேர், இந்த மொடல் காருகளில முள்ளு சரியாக் காட்டாது” என்பார். குற்றம் முள்ளின் மேற் சார்த்தப்பட்டது; சேர் அதை முழுமனதோடு ஆமோதிப்பார்; வெறும் போத்தலோடு ஒரு மோட்டார்சைக்கிள் புறப்படும்.

பயன்

பெற்றோல் வந்து ஊற்றப்பட்டபின், வறண்ட குழாய் நிறைவதற்காகத் திறப்பை ‘ஒன்’ நிலைக்கு இரண்டு மூன்று முறை திருப்பி விட்டு, பத்து விநாடிக்கு மேற்படாமல் அடித்து, மோட்டர் ஆற இடைவெளி விட்டு மறுகா அடித்தல் வேண்டும். கார் பிடித்துவிடும். ஆனால் போத்தல் வருமுன் ஒருவர் பிளக்கைத் துடைத்துவிட்டார், ஒருவர் பற்றரி முனையை முறுக்கிவிட்டார், ஒருவர் டிஸ்ரிபியூட்டர் மூடியை உலர்த்திவிட்டார், ஒருவர் நேர்ந்துவிட்டார். எல்லா மதங்களும் ஒரே கணத்தில் வெற்றி பெற்றமையால் ஒன்றும் கண்டிக்கப்படாமல், அடுத்த காருக்கும் அதே தெம்போடு காத்திருக்கின்றன.

ஒருவேளைக்கு ஒரு காரியம் மட்டும் செய்து, உடனே திறப்பைத் திருப்பிப் பார்த்து, பலிக்காவிடில் அடுத்ததற்குச் செல்லுதலே சோதனை முறை என்று இவ்வாராய்ச்சி விதிக்கின்றது. அவ்விதி வெல்லாவெளியில் நடைமுறைக்கு வராது என்பதும் நமக்குத் தெரிந்ததே. வீதியில் ஒருவர் இடர்ப்பட்டு நிற்க, தன் முறை வரட்டும் என்று கைகட்டிப் பார்த்திருக்கும் வழக்கம் படுவான்கரையில் இல்லை.