சுங்குடி அச்சிட்ட பாலியெஸ்டர்

கைத்தறிக்குக் கல்லூரி மாணவர்களை விட்டால் நாதியில்லை. அதற்கென்றே 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். மற்ற நாட்களில் தறி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

குவைத்தின் ஃபர்வானியாவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கோ இரட்டைப் பொறுப்பு. அந்நாட்டின் மரபு நெசவான சது 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மதுரைச் சுங்குடியிடம் புவிசார் குறியீடு இருக்கிறது. இரண்டையும் ஒரே பாலியெஸ்டர் டி-சர்ட்டில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவதே முறை. ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் தேவை என்கிறார்கள். பாலைவனத்தில் அந்த ஊதாரித்தனம் ஆகாது. செல்ஃபியோடு கடமை முடிந்தது.

பக்கத்து ஜிலீப் பகுதியின் அறைகளில் கட்டம்போட்ட கைலியை நைந்துபோகும்வரை கட்டி, பிறகு அடுப்படியில் பிடிதுணியாக்கும் தொழிலாளர்கள் உண்டு. மாணவர்கள் நடத்தும் நீடித்த ஆடைக் கருத்தரங்குக்கு அவர்களும் வரலாம்தான். கைலியோடு உள்ளே விட மாட்டார்கள், அவ்வளவே.