சாம்பல் தட்டைக் காணோம்

புணே அருகே சிஞ்ச்வட் அடுக்ககங்களில் தாமிர வெந்நீர் பாய்லருக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது. மராத்தியர் ‘பம்ப்’ என்று சொல்லும் இந்தக் கரி பாய்லர், ஒரு காலத்தில் ‘வாடா’ எனும் பழைய முற்றத்து வீட்டின் பின்கட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றது. இன்று புளி போட்டுத் தேய்த்து, தலையில் மணி பிளான்ட் ஏற்றி, சோபாவுக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவைக்கிறார்கள். கேட்டால், பழம்பொருள் சேகரிப்பாம். வயிற்றுக்குள் கரி தாங்கும் கம்பித் தட்டும் இல்லை, அடியில் சாம்பல் தட்டும் இல்லை. இவர்கள் சேகரித்திருப்பது பாய்லரை அல்ல, அதன் சட்டையை என்பதே என் வாதம்.

பாய்லரின் மூளை அடியில்தான் இருக்கிறது. நடுவே ஒரு குழாய், அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர். கீழிருந்து காற்று நுழைந்தால்தான் கரி கனலும். சாம்பல் அடைத்துக்கொண்டால் வீடே பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியதுதான். நம்மூர் குமுட்டி அடுப்புக்கு ஒரு வாய் வைத்து, விசிறியோடு பாட்டிகள் அதன் முன்னால் உட்கார்ந்ததும் இதே காற்றுக்காகத்தான். கரி அடுப்புகளின் வரலாறு என்பது காற்றை எப்படி உள்ளே விடுவது, சாம்பலை எப்படி வெளியே தள்ளுவது என்ற இரண்டு தலைவலிகளின் வரலாறு. அமெரிக்கர்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். 1952இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தாம் வேலை பார்த்த வெபர் உலோகப் பட்டறையின் மிதவைக் கோளத்தைப் பாதியாக்கி, மூடியும் காலும் வைத்துக் ‘கெட்டில் கிரில்’ என்ற கரி அடுப்பைச் செய்தார். பழைய கிரில் சேகரிப்பவர்கள் மூடியின் நிறத்தில் சொக்கினாலும், வயதைக் கணிக்கத் தேடுவது காற்றுத்துளைத் தகட்டில் பொறித்த எழுத்தை. கிரிலின் அடியில் தனித்தனியாக இருந்த மூன்று காற்றுவழிகள், பிற்பாடு ஒரே கைப்பிடிக்கு அடங்கின. அதைத் திருப்பினால் காற்றும் கட்டுப்படும், சாம்பலும் கீழே விழும். வடிவம் மாறியது அழகுக்காக அல்ல, சாம்பல் அள்ளி அலுத்தவர்களுக்காக.

“அழகுக்காக வைத்தால் என்ன குற்றம்?” என்பார்கள். குற்றமில்லை. புணேயின் தாம்பட் ஆளி தெருக் கன்னார்கள் சுத்தியலால் தட்டித் தட்டி எழுப்பிய பளபளப்பு கண்காட்சிக்குத் தகுதியானதுதான். ஆனால் அவர்கள் தாமிரத்தைத் தேர்ந்தெடுத்தது சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்றல்ல. பித்தளையைவிட அது சில மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதால். “இரண்டு படுக்கையறை வீட்டில் சாம்பல் தட்டுக்கு ஏது இடம்?” என்பது அடுத்த கேள்வி. தட்டு பாய்லருக்கு அடியில்தான் இருக்கும். தனியாக வாடகை கேட்காது. “அப்படியானால் பற்றவைத்தே பார்த்துவிடுவோமே” என்று கிளம்பும் வீரர்களுக்கு மட்டும் என் ஆதரவு கிடையாது. மூடிய குளியலறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, பழம்பொருள் ரசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

சேகரிப்பு என்றால் எப்படி என்பதற்குப் புணேயின் தினகர் கேல்கரே உதாரணம். அவர் பாக்குவெட்டியையும் விளக்கையும் சமையல் பாத்திரத்தையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து அருங்காட்சியகமாக்கி, 1975இல் அரசிடம் ஒப்படைத்தார். அந்த அருங்காட்சியகம் பெருமைப்படுவது, மனிதர்கள் புழங்கிய பொருள்களை வைத்திருப்பதில்தான். ஆகவே அடுத்த முறை புணேயின் பழைய பொருள் சந்தையான ஜூனா பஜாருக்குப் போனால், பளபளப்பைப் பார்த்து விலை கேட்காதீர்கள். முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். சாம்பல் தட்டு இருந்தால் பேரம் பேசுங்கள். இல்லாவிட்டால், மணி பிளான்டுக்கு மண்தொட்டியே மலிவு.