பில்டு உடையும் விதம்: மான்குர்த் மாடியறையை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும் நிரல் இன்னொரு கணினிக்குப் போனதும் ஏன் படுத்துக்கொள்கிறது? மென்பொருள்காரர்கள் இதற்கு நெடுங்காலமாகத் தப்பான இடத்தில் விடை தேடுகிறார்கள். அவர்கள் கூகுளைப் புரட்டுகிறார்கள். புரட்டியிருக்க வேண்டியது நன்னூலை. நிலைமொழியோடு வருமொழி சேரும்போது ஒன்று இயல்பாகச் சேரும், அல்லது விகாரப்படும். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை என்று பவணந்தியார் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவைத்துவிட்டார். நிலைமொழியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றும் வருமொழியை பேக்கேஜ் என்றும் கொண்டால் வேறு கருவியே தேவையில்லை.

களம் ஏன் மும்பையின் மான்குர்த் என்று வாய்மொழித் தேர்வில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருப்பது மான்குர்த்தில். அதே நிறுவனத்தில்தான் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான டிஃப்ராக் கணினி 1960இல் ஓடத் தொடங்கியது. 40 பிட் அளவில் 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகம். அந்தக் காலத்தில் ‘என் மெஷின்ல ஓடுதே’ என்று அங்கே எவரும் வாதாடியிருக்க முடியாது; எல்லாருக்கும் அதே மெஷின். வருமொழி எத்தனை வந்தாலும் நிலைமொழி ஒன்றே ஒன்று. இலக்கணம் தேவைப்படாத காலம் அது.

இன்றைய களமோ மான்குர்த்தின் மகாராஷ்டிரா நகரில் ஒரு மாடியறை. மளிகைக் கடைகளுக்குத் தமிழில் பில் போடும் மென்பொருள் அங்கே தயாராகிறது. முதலாளியிடம் ஒரு பழைய மேக், திருநெல்வேலிப் பையனிடம் லினக்ஸ் லேப்டாப், மூலையில் ‘கஸ்டமர் மெஷின்’ என்று மரியாதையாக அழைக்கப்படும் விண்டோஸ் பெட்டி. கள ஆய்வில் பதிவான முதல் உரையாடல்:

“என் மெசின்ல ஓடுதுண்ணே.”

“கடைக்காரர் மெசின்ல?”

“அது அவங்க மெசின்லாண்ணே.”

இதுவே இயல்புப் புணர்ச்சி என்ற கொள்கை. ஆதரவாளர் பலர், சான்று சொற்பம்.

தோன்றலுக்கு வருவோம். விண்டோஸில் எழுதிய சிறு நிரலை லினக்ஸில் ஓட்டினால் ‘பேட் இன்டர்பிரெட்டர்: நோ சச் ஃபைல்’ என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும். நடந்தது வேறு: வரி முடிவுக்கு லினக்ஸ் ஒரே ஒரு குறியீடு வைக்கிறது, விண்டோஸ் இரண்டு வைக்கிறது. தட்டச்சுத் தலையை இடப்பக்கம் இழுக்க ஒன்று, தாளை மேலே தள்ள ஒன்று என்று டெலிபிரிண்டர் காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. டெலிபிரிண்டர் போய்விட்டது, குறியீடு மட்டும் போகவில்லை. லினக்ஸ் அந்த உபரிக் குறியீட்டையும் கோப்பின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படியொரு கோப்பு இல்லை என்று சத்தியம் செய்கிறது. பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க. ‘டாஸ்டுயூனிக்ஸ்’ என்ற சிறு கருவி அந்த உபரியை நீக்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கு இன்னொரு சான்று ‘மேக்’ என்ற பில்டு கருவி. (முதலாளியின் மேக் வேறு. ஒரே மாதிரி ஒலித்து வேறாக இருப்பது இத்துறையின் பொதுக்குணம்.) பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியது, கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இடைவெளி விட்டால் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று நின்றுவிடும். இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்; அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யத்தை உலகம் இன்றுவரை அனுபவிக்கிறது.

திரிதலைக் கடைசிக்குத் தள்ளிக் கெடுதலை முன்னே கொண்டுவருகிறேன், உரையாசிரியர்கள் பொறுக்க. ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே எழுதும் பையன் பேக்கேஜ் போடும்போது, ‘டிஸ்ட்யூடில்ஸ்’ காணோம் என்று பைத்தான் அழுதது. இவன் பைத்தான் பக்கமே போகாதவன். இவன் இறக்கிய ஏதோ ஒரு துணைப் பொதிக்குள் சி பிளஸ் பிளஸ் இருந்தது. அதைக் கட்ட நோட்-ஜிப் வேண்டும். அதை ஓட்டப் பைத்தான் வேண்டும். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12இல் டிஸ்ட்யூடில்ஸை எடுத்துவிட்டார்கள். இதையே விண்டோஸ் பெட்டியில் செய்தால் விஷுவல் ஸ்டுடியோவின் பில்டு கருவிகளையும் கேட்கும். அது பல ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியதால் அன்று சாயங்காலம் யாருக்கும் வாட்ஸ்அப் வரவில்லை.

போலிக் கெடுதல் என்றும் ஒன்று உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறினால் லினக்ஸுக்கு அது வேறு கோப்பு. பெயரில் ஓரெழுத்து பிசகினால் ஆளே வேறு என்று திருப்பி அனுப்பும் ரேஷன் ஆபீஸ் கிளார்க் அது. விண்டோஸும் மேக்கும் வழக்கமாக ‘சரி, நம்ம ஆளுதான்’ என்று விட்டுவிடும். ஆனால் விண்டோஸிடம் ‘ஆக்ஸ்’ என்று பெயர் வைத்துப் பாருங்கள். டாஸ் காலத்துக் கருவிப்பெயர் அது, கோப்புக்குக் கிடையாது.

இனி திரிதல். மென்பொருளில் வட்டாரவாரியாகக் கோப்புறைகள்: செம்பூர், கோவண்டி, மான்குர்த். முதலாளியின் மேக்கில் மூன்றும் திறந்தன. விண்டோஸ் பெட்டியில் கோவண்டி மட்டும் இல்லையாம். கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது, எழுத்து சரியாக இருக்கிறது, நிரலுக்கு மட்டும் தெரியவில்லை. கோவண்டிக் கடைக்காரர்தான் ஏதோ கிளறிவிட்டார் என்று பையன் முதல் கருதுகோளை முன்வைத்தான்.

காரணம் ‘கோ’. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் அணுவளவும் வித்தியாசம் தெரியாது. 2017இல் புதிய கோப்பு முறை வரும்வரை மேக் பயன்படுத்திய ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். கேட்கும்போது எப்படிக் கேட்டாலும் கொடுத்துவிடும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இரண்டும் வேறுவேறு பெயர். யுடிஎஃப்-8 முறையில் சேர்ந்த கோவண்டி 21 பைட். பிரிந்த கோவண்டி 24 பைட். செம்பூரிலும் மான்குர்த்திலும் பிரியக்கூடிய எழுத்தே இல்லை. மான்குர்த் எங்கே போனாலும் 30 பைட்தான்.

பெயர்களை ஒப்பிடுமுன் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைப் பையன் சேர்த்தான். கோவண்டி பில்கள் திரும்பி வந்தன. ஆய்வாளனுக்கு அது போதாதல்லவா? மான்குர்த்தில் ஏறி சிஎஸ்எம்டி வரை ஹார்பர் லைன் பெயர்ப்பலகைகளைத் தமிழில் எழுதிச் சோதித்தேன். பழைய மேக்கில் பிரியக்கூடியவை ஐந்து: கோவண்டி, வடாலா ரோடு, ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. தனித்தமிழ் அன்பர்கள் கவனிக்க: ‘ரோடு’ என்பதைச் ‘சாலை’ என்று எழுதினால் நான்கு ஸ்டேஷன்கள் அந்த இடத்திலேயே பிழைத்துவிடும். கோவண்டிக்கு அந்த வழியும் இல்லை.